தோள் அடிக்கடி எறங்குதா? லேப்ரம் கிழிசல புரிஞ்சுக்கிறதும் அதுக்கப்பறம் செய்ய வேண்டியதும்

மியான்மர்ல யாங்கோன் ஊர்ல ஓடுற ஒய்பிஎஸ் டவுன் பஸ்ல மேல் கம்பிய புடிச்சு நிக்கிறப்ப டிரைவர் சடார்னு பிரேக் அடிச்சா மத்தவங்களுக்கு கோவம் வரும், எனக்கு வயித்துக்குள்ள ஜில்லுனு ஆயிரும். கை மேல தூக்கியிருக்கு, உடம்பு முன்னாடி போகுது, கை மட்டும் பின்னாடியே நிக்குது. என் வலது தோள் எறங்குறதுக்கு, அதாவது மூட்டு கழண்டு வெளிய வர்றதுக்கு, இத விட தோதான நெலம கெடையாது. நாலு தடவ எறங்கிருக்கு, நாலாவது இந்த பஸ்ல தான்.

மொத தடவ திஞ்சான்ல, இங்க தண்ணி ஊத்தி கொண்டாடுற பர்மா புத்தாண்டுல. தண்ணி ஊத்துற மேடைக்கு முன்னாடி ஈர ரோட்டுல வழுக்கி, கைய பின்னாடி ஊனி விழுந்தேன், அப்ப வயசு 22. ரெண்டாவது நான் வேலை பாக்குற பருப்பு கிடங்குல, தலைக்கு மேல அடுக்குன உளுந்து மூட்டைய இழுக்கிறப்ப. மூணாவது தூக்கத்துல, பொரண்டு படுக்கிறப்ப, அத வெளிய சொல்லக்கூட வெக்கமா இருந்துச்சு. இதுக்கு நடுவுல மூணு வருஷம் தைலம், சுளுக்கு உருவுறது, வலி மாத்திர, தோள்பட்டைக்கு ஒரு பட்டினு ஓடிப்போச்சு, ஏன்னா போன எடத்துல எல்லாம் நான் சொன்னது ஒரே வார்த்த, "வலிக்குது". வலிக்குதுன்னா வலிக்கு மருந்து தான் குடுப்பாங்க, அவங்கள சொல்லி குத்தமில்ல. ஒரு நாள் வாய் தவறுன மாதிரி "வலிய விட, கழண்டுரும் போல ஒரு பயம் இருக்கு டாக்டர், நழுவுற மாதிரி இருக்கு"ன்னு சொன்னேன், அந்த டாக்டர் எழுதிக்கிட்டு இருந்த பேனாவ கீழ வச்சிட்டு எந்திரிச்சு வந்து என் கைய புடிச்சுப் பாத்தாரு.

போன வாரம் மாமா பையனுக்கு வாலிபால் ஆடுறப்ப எறங்கிருச்சு, அத்தை போன் போட்டு "ஒனக்கு தான் தெரியுமே, என்ன செய்யணும்னு எழுதி அனுப்பு"ன்னாங்க. அவனுக்கு எழுத ஆரம்பிச்சது நீண்டு போச்சு. நான் டாக்டர் இல்ல, இது நாலு தடவ பட்டவன் கேட்டு, படிச்சு, செஞ்சு தெரிஞ்சுக்கிட்டது.

மொதல்ல உள்ள என்ன இருக்குன்னு பாருங்க

தோள் மூட்ட பந்துக் கிண்ண மூட்டுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க. கிண்ணம்ங்கிற வார்த்த தான் ஏமாத்துது. இடுப்புல இருக்கிறது உண்மையிலயே கிண்ணம், பந்து பாதிக்கு மேல உள்ள போய் உக்காரும். தோள்ல இருக்கிறது கிண்ணமே இல்ல, சின்ன தட்டு, அதுவும் ஆழமில்லாத தட்டு. எந்த நேரத்துல பாத்தாலும் பந்தோட மேல்பரப்புல நாலுல ஒரு பங்கு, மிஞ்சிப்போனா மூணுல ஒரு பங்கு தான் அந்த தட்டுல தொட்டுக்கிட்டு இருக்கும். அதனால தான் கைய இத்தன பக்கம் சுத்த முடியுது, அதனால தான் நழுவவும் செய்யுது.

நம்ம பாட்டிமாருங்க தலையில கொடம் தூக்கறப்ப சும்மாடு வைப்பாங்கல்ல, இங்க சந்தையில தட்டு தூக்கற அம்மாக்களும் துணிய வளையமா சுருட்டி வச்சுக்கிறாங்க, லேப்ரம்ங்கிறது அந்த சும்மாடு தான். தட்டோட விளிம்ப சுத்தி ரப்பர் மாதிரி கெட்டியா ஒரு வளையம். பள்ளத்தோட மொத்த ஆழத்துல பாதி கிட்ட இந்த வளையத்தால தான் கெடைக்குது. அது போக பந்த உறிஞ்சி புடிச்ச மாதிரி நிறுத்துறதும், மூட்ட இழுத்துக் கட்டுற தசைநார்கள் எல்லாம் வந்து ஒட்டுறதும் இதுல தான். லத்தீன்ல லேப்ரம்னா உதடுன்னு அர்த்தமாம், எனக்கு சும்மாடு தான் சரியா படுது.

சும்மாடு எந்த பக்கம் பிரிஞ்சிருக்கோ அந்த பக்கம் தான கொடம் சாயும்? இதயும் அப்படியே எடுத்துக்கோங்க. கிழிசல் எந்த பக்கம்னு தெரிஞ்சா எந்த வேலையில பயப்படணும், எந்த எக்சர்சைஸ் உதவும், எது கெடுக்கும்னு பாதி தெரிஞ்ச மாதிரி.

முன்னாடி, கீழ்ப்பக்கமா பிரியறது தான் ரொம்ப சகஜம். தோள் எறங்குறதுல 100க்கு 95 முன்பக்கமா தான் எறங்குது, எறங்குறப்ப பந்து முன் விளிம்புல இருக்கிற லேப்ரத்த பேத்துக்கிட்டு போகுது. இதுக்கு பேங்கார்ட் கிழிசல்னு பேரு, லண்டன்ல இருந்த பேங்கார்ட்ங்கிற சர்ஜன் 1923ல எழுதினது. சில பேருக்கு லேப்ரம் மட்டுமில்லாம தட்டோட எலும்பு ஓரமும் சில்லு பேந்துரும். போற போக்குல பந்தோட பின்பக்கம் தட்டு விளிம்புல மோதி ஒரு பள்ளம் விழும், தகர டப்பா நசுங்குற மாதிரி. அத ஹில் சாக்ஸ்னு ரிப்போர்ட்ல எழுதுவாங்க, 1940ல அத விவரிச்ச ரெண்டு அமெரிக்க எக்ஸ்ரே டாக்டர்களோட பேரு. என் ரிப்போர்ட்ல ரெண்டும் இருந்துச்சு, நான் எதோ ரெண்டு வியாதினு நெனச்சு ராத்திரி பூரா தூங்கல. ஒரே விபத்துல விழுந்த ரெண்டு தழும்பு, அவ்வளவு தான்.

மேல்பக்கம் பிரியறத ஸ்லாப்னு சொல்றாங்க, 1990ல வச்ச பேரு. மேல்பக்கத்துல ஒரு சிக்கல் என்னன்னா மேல்கையோட முன்பக்கத்துல இருக்கிற பைசெப்ஸ் தசையோட நீளமான நார், வார் மாதிரி ஒண்ணு, அந்த சும்மாட்டுல தான் கட்டியிருக்கு. பந்து எறியறவங்க, கை நீட்டி கீழ விழுந்தவங்க, விழப்போன கனத்த வெடுக்குனு புடிச்சவங்க, இவங்களுக்கு வரும். இதுல தோள் முழுசா எறங்குறது கம்மி, உள்ளுக்குள்ள ஆழமா வலி, டொக்கு டொக்குனு சத்தம், தலைக்கு மேல வேலை செஞ்சா பலமில்லாம போறது, இது தான் அடையாளம்.

பின்பக்கம் கிழியறது கம்மி, ஆனா லெத்வெய்ங்கிற பர்மா குத்துச்சண்டை பழகுற பசங்க, ஜிம்முல பெஞ்ச் பிரஸ் (மல்லாக்க படுத்து வெயிட்ட மேல தள்ளுறது) அதிகமா போடறவங்க கவனிக்கணும். குத்து போய் மோதறப்ப கைக்குள்ள வர்ற அதிர்ச்சி பந்த பின்னாடி தள்ளுது. இதுல எறங்குறத விட, முன்னாடி தள்ளுற வேலையில பின்பக்கம் வலிக்கிறது தான் ஜாஸ்தி.

நாலாவதா ஒரு கூட்டம் இருக்கு, அவங்களுக்கு எதுவுமே கிழிஞ்சிருக்காது. பொறப்புலயே மூட்டு தளர்வு. கட்டைவிரல மடக்கி முன்கையில தொட முடியுதா, சுண்டுவிரல் 90 டிகிரிக்கு மேல பின்னாடி வளையுதா, முட்டியும் முழங்கையும் பின்பக்கமா வளையுதா, முட்டிய மடக்காம உள்ளங்கை ரெண்டயும் தரையில பதிக்க முடியுதா, இதுக்கெல்லாம் மார்க் போட்டு 9க்கு எத்தனனு பாப்பாங்க. இவங்களுக்கு ரெண்டு தோளும், எல்லா பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் நழுவும். இவங்க ஆபரேஷனுக்கு அவசரப்படக் கூடாது, எக்சர்சைஸ் தான் மொத மருந்து, அதுவும் ஆறு மாசம் பொறுமையா.

எறங்குன அந்த நிமிஷம்

கைய யாரும் இழுக்கக் கூடாது. இதுல தான் நம்ம ஆளுங்க எல்லாரும் டாக்டர் ஆயிருவாங்க. நான் விழுந்த அன்னிக்கி மேடையில இருந்து நாலு பேரு குதிச்சாங்க, ஒருத்தர் அக்குள்ல கால வச்சு இழுக்க ரெடியானாரு, நல்லவேளை எங்க பெரியப்பா கத்திட்டாரு. எலும்பு முறிஞ்சிருந்தா இழுக்கிறதுல அது ரெண்டு துண்டு மூணு துண்டாகும், நரம்பு மாட்டியிருந்தா அதுவும் போகும். எலும்பு வைத்தியருங்க மேல எனக்கு மரியாத இருக்கு, ஆனா எக்ஸ்ரே பாக்காம உள்ள முறிவு இருக்கானு அவரு விரலுக்கு தெரிய வழியில்ல.

செய்ய வேண்டியது இது தான். கை எந்த நெலையில வலி கம்மியா இருக்கோ அப்படியே விடுங்க. ஒரு கைலியயோ துண்டயோ மடிச்சு கழுத்துல தூளி மாதிரி கட்டி, கைக்கும் வயித்துக்கும் நடுவுல தலகாணி இல்ல சுருட்டுன துணி ஒண்ண செருகி தாங்க வைங்க. மோதிரம், வாட்ச், வளையல கழட்டிருங்க, வீங்குனா கழட்ட முடியாது. அப்பறம் மூணு விஷயம் பாருங்க. மணிக்கட்டுல நாடி அடிக்குதா, விரல் எல்லாம் அசையுதா, தோளோட வெளிப்பக்கம், போலீஸ்காரங்க பேட்ஜ் வைக்கிற எடம், தொட்டா தெரியுதா. அந்த எடம் மரத்துப் போயிருந்தா ஆக்ஸிலரி நரம்பு இழுபட்டிருக்கலாம்னு அர்த்தம், பெரும்பாலும் வாரக்கணக்குல மாசக்கணக்குல திரும்ப வந்துரும், ஆனா மூட்ட உள்ள போடறதுக்கு முன்னாடியே டாக்டருக்கு தெரியணும். கை வெளுத்து ஜில்லுனு இருந்தா, நாடி இல்லன்னா, அது ரத்தக்குழாய் சமாச்சாரம், ஒரு நிமிஷமும் நிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

டீ வாங்கி குடுக்காதீங்க. யாராவது எப்படியும் இனிப்பு தூக்கலா ஒரு டீ கொண்டு வருவாங்க, அன்புல தான், ஆனா மூட்ட உள்ள போடறதுக்கு மயக்கம் குடுக்க வேண்டி வரலாம், வயிறு காலியா இருக்கிறது நல்லது. ஐஸ் வைங்க, கரண்ட் போயி பிரிட்ஜுல ஐஸ் இல்லன்னா ஐஸ் கடையில ஒடச்ச ஐஸ் வாங்கி துண்டுல சுத்தி 15, 20 நிமிஷம்.

கரண்ட்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஜெனரேட்டர் மாத்துறப்ப ஷாக் அடிச்சு, இல்ல வலிப்பு வந்து, அதுக்கப்பறம் தோள் வலிக்குதுன்னு ஒருத்தர் சொன்னா சும்மா விடாதீங்க. அந்த மாதிரி தசை மொத்தமும் ஒரே நேரத்துல இறுக்குறப்ப தோள் பின்பக்கமா எறங்கும். வெளிய பாத்தா பெருசா தெரியாது, நேரா எடுக்கிற எக்ஸ்ரேலயும் சரியா இருக்கிற மாதிரியே காட்டும், வாரக்கணக்குல யாருக்கும் தெரியாமலே போயிரும். கைய வெளிப்பக்கம் திருப்பவே முடியல, உள்ளங்கைய மேல பாக்க வைக்க முடியலன்னா, பக்கவாட்டுல ஒரு எக்ஸ்ரே எடுக்க சொல்லி கேளுங்க.

உள்ள போட்டதுக்கு அப்பறம்

டொக்குனு உள்ள போனதும் வலி மாயமா போயிரும், அந்த சொகத்துல எல்லாரும் வீட்டுக்கு கெளம்பிருவாங்க. உள்ள போட்ட பிறகும் ஒரு எக்ஸ்ரே எடுத்திருக்காங்களானு பாத்துட்டு கெளம்புங்க, அந்த படத்த வாங்கி வச்சுக்கோங்க. எத்தன தடவ, எந்த தேதி, எப்படி எறங்குச்சு, தானா உள்ள போச்சா யாராச்சும் போட்டாங்களான்னு ஒரு நோட்டுல எழுதுங்க. பின்னாடி சர்ஜன் மொதல்ல கேக்கிறது இத தான், நான் மூணாவது தடவய எந்த மாசம்னு தெரியாம முழிச்சேன்.

தூளி ஒண்ணுல இருந்து மூணு வாரம் போதும். ஆறு வாரம் கட்டிக்கிட்டு கெடந்தா நல்லா ஒட்டிக்கும்னு நெனப்பு, ஆனா அதிக நாள் கட்டுறதால மறுபடியும் எறங்குறது கொறையறதில்ல, மூட்டு இறுகிப்போறது தான் மிச்சம். 

வயசு தான் பெரிய கணக்கு. 20 வயசுக்குள்ள மொத தடவ எறங்குன பசங்கள்ல பாதிக்கு மேல பேருக்கு மறுபடியும் எறங்கும், விளையாடுற பையன்னா இன்னும் ஜாஸ்தி. 40 தாண்டுனவங்களுக்கு மறுபடியும் எறங்குறது கம்மி, ஆனா அவங்களுக்கு வேற ஆபத்து, பந்த சுத்தி புடிச்சிருக்கிற நாலு சின்ன தசை இருக்கே, ரொட்டேட்டர் கஃப், அதோட நார் கிழிஞ்சிரும். வயசானவங்களுக்கு தோள உள்ள போட்டு ரெண்டு மூணு வாரம் ஆகியும் கைய பக்கவாட்டுல தூக்க முடியலன்னா "வயசு, மெதுவா சரியாகும்"னு உக்காந்துறாதீங்க, ஸ்கேன் பாருங்க.

டாக்டர்கிட்ட எப்படி பேசறது

இதுக்கு தான் இவ்வளவு எழுதறேன். "தோள் வலி"ன்னு ஆரம்பிக்காதீங்க. எந்த நெலையில, எந்த அசைவுல, என்ன ஆகுதுன்னு சொல்லுங்க. "பஸ் கம்பிய புடிச்சா கழண்டுரும் போல இருக்கு." "சட்ட கைய மாட்டுறப்ப டக்குனு ஒண்ணு மாறுது." "ஒரு நிமிஷம் கை செத்துப் போன மாதிரி தொங்குது, அப்பறம் சரியாகுது." முழுசா எறங்கி யாராச்சும் உள்ள போட்டாங்களா, பாதி போய் தானா திரும்புதா, வெறும் பயம் மட்டுமா, மூணும் மூணு வெவ்வேற கத. பயம்ங்கிறத வெக்கப்படாம சொல்லுங்க, அது மனசுல இருக்கிற கோளாறு இல்ல, அதுக்குனே ஒரு டெஸ்ட் இருக்கு. படுக்க வச்சு, கைய பக்கவாட்டுல 90 டிகிரி தூக்கி, முழங்கைய மடக்கி, முன்கைய மெதுவா பின்னாடி சாய்ப்பாங்க. முன்பக்கம் தளர்வு இருக்கிறவன் மொகம் மாறிரும், இன்னொரு கையால டாக்டர் கையவே புடிச்சுருவான். நான் புடிச்சேன். அப்பறம் அவரு பந்து மேல உள்ளங்கைய வச்சு பின்னாடி அமுக்குனா அந்த பயம் மாயமா போயிரும். ரெண்டும் நடந்துச்சுனா முன்பக்க தளர்வுன்னு பெரும்பாலும் முடிவு. இத வீட்டுல தம்பிய வச்சு செஞ்சு பாக்காதீங்க, எறங்கிரும்.

ஸ்கேன் பத்தி ரெண்டு வார்த்த. எக்ஸ்ரேல லேப்ரம் தெரியாது, எலும்பு தான் தெரியும். எம்ஆர்ஐல தெரியும், மூட்டுக்குள்ள மருந்து ஊசி போட்டு எடுக்கிற எம்ஆர் ஆர்த்ரோகிராம்ல இன்னும் தெளிவா தெரியும், மருந்து கிழிசலுக்குள்ள பூந்து காட்டிக் குடுத்துரும். எலும்பு எவ்வளவு தேஞ்சிருக்குன்னு அளக்க சிடி ஸ்கேன். எல்லாத்துக்கும் காசு ஆகும், அதனால எத எடுத்தா முடிவு மாறும்னு கேட்டுட்டு எடுங்க. ஆபரேஷன் வேணாம், எக்சர்சைஸ் தான்னு ஏற்கனவே முடிவுன்னா, அவசரமா ஆர்த்ரோகிராம் எடுத்து என்ன செய்யப் போறோம்?

இன்னொண்ணு, 45, 50 வயசுக்காரரு ஸ்கேன்ல ஸ்லாப் கிழிசல்னு வந்தா பதற வேணாம். தோள்ல எந்த தொந்தரவும் இல்லாத 45லருந்து 60 வயசுக்காரங்கள ஸ்கேன் எடுத்து பாத்த ஒரு ஆய்வுல பாதிக்கு மேல பேருக்கு மேல்பக்க லேப்ரம் கிழிசல்னு தான் ரிப்போர்ட் வந்துச்சு. முடி நரைக்கிற மாதிரி அதுவும் ஒண்ணு. ரிப்போர்ட்டும் ஒடம்பு சொல்றதும் ஒத்துப்போகுதானு பாக்கணும்.

எக்சர்சைஸா, ஆபரேஷனா

கிழிஞ்ச லேப்ரம் பழைய எடத்துல தானா போயி ஒழுங்கா ஒட்டிக்கிறது அபூர்வம், அதுக்கு ரத்த ஓட்டமும் கம்மி. அப்ப எக்சர்சைஸ் எதுக்குன்னு கேப்பீங்க. சும்மாடு பிரிஞ்சாலும் கழுத்த நேரா புடிச்சு நடக்க தெரிஞ்சவங்க கொடத்த கீழ போடறதில்லையே, அது மாதிரி. அந்த நாலு சின்ன தசையும், முதுகுல இருக்கிற தட்டை எலும்ப புடிச்சிருக்கிற தசையும் பலமாவும் சரியான நேரத்துலயும் வேலை செஞ்சா பந்து நடுவுலயே நிக்கும். நெறைய பேருக்கு இதுவே போதும்.

என் கருத்துல ஆபரேஷன் பத்தி சீக்கிரமே பேச வேண்டியவங்க: 25 வயசுக்கு கீழ, மோதல் விளையாட்டு விளையாடறவங்க, மூணு மாசம் ஒழுங்கா எக்சர்சைஸ் செஞ்சும் எறங்குறவங்க, தூக்கத்துலயே எறங்குறவங்க, ஏன்னா அது எலும்பு தேஞ்சிருக்கலாம்ங்கிறதுக்கு அடையாளம், உயரத்துல ஏறி வேலை செய்யிறவங்க, நீச்சல் அடிக்கிறவங்க. கட்டடத்து சாரத்துல நிக்கிறப்பவோ ஆத்து நடுவுலயோ எறங்குனா தோளோட போகாது. ஒவ்வொரு தடவ எறங்குறப்பவும் தட்டு எலும்பு கொஞ்சம் தேயுது, பள்ளம் கொஞ்சம் பெருசாகுது, இத எனக்கு யாரும் மொதல்லயே சொல்லல, நானா உள்ள போட பழகிக்கிட்டத பெருமையா வேற சொல்லிக்கிட்டு திரிஞ்சேன்.

எலும்பு நல்லா இருந்தா சின்ன ஓட்ட வழியா கேமரா விட்டு, ஆங்கர்னு சொல்ற குட்டி ஆணிகள எலும்புல இறக்கி, அதுல இருக்கிற நூலால லேப்ரத்த பழைய எடத்துல கட்டுவாங்க. தட்டுல 20, 25 சதவீதம் எலும்பு போயிருந்தா வெறும் தையல் தாங்காது, பக்கத்துல இருக்கிற கோரகாய்டுங்கிற எலும்பு மூக்க தசையோட வெட்டி எடுத்து தட்டோட முன் விளிம்புல ஸ்குரூ போட்டு வைப்பாங்க, பிரான்ஸ்ல லத்தார்ஜேங்கிற சர்ஜன் 1954ல சொன்ன வழி. 40 தாண்டுன ஸ்லாப்காரங்களுக்கு கிழிசல தைக்கிறத விட அந்த பைசெப்ஸ் வார அங்கருந்து அவுத்து கொஞ்சம் கீழ கட்டி விடறது பல சமயம் நல்லா வேலை செய்யுது, தைச்சா மூட்டு இறுகிரும். சர்ஜன்கிட்ட கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணுன்னா இது தான்: "என் எலும்பு எவ்வளவு தேஞ்சிருக்கு, அத அளந்தீங்களா?"

எக்சர்சைஸ், நான் செஞ்ச வரிசையில

மொத ரெண்டு மூணு வாரம் தூளியிலயே. விரல மூடி மூடி தொறக்கிறது, மணிக்கட்டு, முழங்கை மடக்கி நீட்டுறது, ரெண்டு தோள்பட்டையயும் பின்னாடி லேசா சேத்து அஞ்சு எண்ணி விடறது. பிசியோ சரின்னு சொன்னதும் குனிஞ்சு கைய தொங்க விட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டுறது, ஆட்டுறது ஒடம்பு தான், கை சும்மா தொங்கணும்.

அதுக்கப்பறம் சுவத்துக்கு பக்கத்துல நில்லுங்க. முழங்கைய 90 டிகிரி மடக்கி விலாவோட ஒட்டி வச்சு, விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவுல ஒரு துண்ட சுருட்டி செருகிக்கோங்க. கையோட வெளிப்பக்கத்த சுவத்துல வச்சு தள்ளுங்க, கை அசையக் கூடாது, பலத்துல பாதி போதும், 10 எண்ணி விடுங்க, 10 தடவ. அப்பறம் திரும்பி நின்னு உள்பக்கமா தள்ளறது. பாக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், என் அப்பா "சுவத்த எங்கடா தள்ளிக்கிட்டு போற"ன்னு கேட்டாரு, ஆனா ரெண்டு வாரத்துல வித்தியாசம் எனக்கே தெரிஞ்சுச்சு.

அடுத்து ரப்பர். எக்சர்சைஸ் பேண்ட் கெடைக்கலன்னா பழைய சைக்கிள் டியூப்ப நீளமா வெட்டி ஜன்னல் கம்பியில கட்டுங்க. துண்டு அதே எடத்துல, முழங்கை விலாவோட, முன்கைய மெதுவா வெளிய திருப்புங்க, திரும்ப வர்றப்ப இன்னும் மெதுவா. ரப்பர் உங்கள இழுத்துட்டு போறதுக்கு விடக் கூடாது, அந்த திரும்புற வழியில தான் பலம் வருது. 15 தடவ, மூணு சுத்து. அப்பறம் ரெண்டு கையாலயும் இழுத்து முழங்கைய பின்னாடி கொண்டு போறது, தோள் காத பாத்து ஏறாம. வெயிட்டுக்கு ஒருக்களிச்சு படுத்து, மேல இருக்கிற கையால அர வீசை உளுந்து பையை புடிச்சு வெளிப்பக்கம் திருப்பறது. அர வீசைன்னா 800 கிராம் சொச்சம், கிடங்குல மூட்ட தூக்குறவன் அர வீசைக்கு கை நடுங்குறத பாத்து எனக்கே சிரிப்பு வந்துச்சு. கனம் கூட்டுறதுக்கு அவசரப்படாதீங்க, அந்த சின்ன தசைங்களுக்கு கனம் அதிகமானா பெரிய தசைங்க வேலைய புடுங்கிக்கும்.

எனக்கு ரொம்ப புடிச்சது சின்லோன் பந்து, இங்க கால்ல தட்டி விளையாடுற பந்து, அத வச்சு செய்யிறது. பிரம்பு பந்த நெஞ்சு உயரத்துல சுவத்துல வச்சு உள்ளங்கையால அமுக்கி, கைய நேரா நீட்டி, பந்த உருட்டி அ, ஆ, இ, ஈனு எழுதுங்க. ஃ வரைக்கும் போயிட்டா கை எரியும். பந்து எங்க இருக்கு, மூட்டு எங்க இருக்குங்கிற உணர்வ தோளுக்கு திரும்ப சொல்லிக் குடுக்கிற வேலை இது, கிழிஞ்ச தோள் மொதல்ல எழக்கிறது அந்த உணர்வ தான். பின்பக்க கிழிசல்காரங்க மட்டும் இதயும் சுவத்து தண்டாலயும் பிசியோ சொன்ன பிறகு ஆரம்பிங்க, முன்னாடி அமுக்குறது அவங்களுக்கு எதிரி. ஸ்லாப்காரங்க பைசெப்ஸுக்கு கனம் தூக்கறத தள்ளி வைக்கணும்.

மூணு மாசம் வரைக்கும் ஜிம்முல தொடக் கூடாதது: வெயிட் கம்பிய கழுத்துக்கு பின்னாடி எறக்குறது, கைய அகலமா விரிச்ச பெஞ்ச் பிரஸ், டிப்ஸ் (ரெண்டு கம்பியில கைய ஊனி ஒடம்ப எறக்கி ஏத்துறது), கம்பியில தொங்குறது. லேசான தசை வலி ராத்திரிக்குள்ள அடங்கிருச்சுன்னா பரவால்ல, மறுநாளும் மூட்டுக்குள்ள வலிச்சா, இல்ல நழுவுற உணர்வு வந்தா, ஒரு படி கீழ எறங்கிருங்க.

ஆபரேஷன் ஆனவங்களுக்கு இதே வரிசை தான், நாள் தான் வேற. தூளியே நாலுலருந்து ஆறு வாரம், பலம் கூட்டுற வேலை மூணு மாசம் கிட்ட தான், மோதல் விளையாட்டு அஞ்சு ஆறு மாசத்துக்கு பிறகு. வலி ஆறு வாரத்துலயே போயிரும், அங்க தான் நெறைய பேர் கோட்ட விடறது. வலி போனதும் தையல் புடிச்சிருச்சுனு நெனச்சு மூட்டைய தூக்கிருவாங்க.

வீட்டுல சமாளிக்க

லோஞ்சி, அதாவது பர்மா கைலி, கட்டுறது தான் பெரும்பாடு. ஒரு கை தூளியில இருந்தா அத இறுக்கி முடிச்சு போடவே முடியாது, நடக்க நடக்க அவுரும், இன்னொரு கையால புடிச்சுக்கிட்டே திரியணும். எலாஸ்டிக் வச்ச டவுசர் நாலு வாங்கிருங்க, மானம் மிஞ்சும். சட்டைய மாட்டுறப்ப அடிபட்ட கை மொதல்ல, கழட்டுறப்ப அது கடைசி, முன்னாடி பட்டன் வச்ச சட்ட தான் வசதி. அக்குள கழுவ குனிஞ்சு கைய தொங்க விடுங்க, தூக்காதீங்க, வேர்வையில புண்ணாகாம துணி வச்சு ஒத்துங்க.

படுக்கிறப்ப மல்லாக்க படுத்து முழங்கைக்கு அடியில ஒரு தலகாணி, முழங்கை முதுகு மட்டத்துக்கு கீழ போகாத மாதிரி. மொத வாரம் சாஞ்ச நாற்காலியிலயே தூங்குனேன். கைய தலைக்கு மேல போட்டு தூங்குற பழக்கம் இருந்தா கை மணிக்கட்ட இடுப்போட ஒரு துணியால தளர்வா கட்டிக்கோங்க, தூக்கத்துல எறங்குறவங்களுக்கு இது ஒண்ணு தான் எனக்கு தெரிஞ்ச வழி.

கோயில்ல பால்குடம் எடுக்கிறதா வேண்டியிருந்தா இந்த வருஷம் அடுத்த வருஷத்துக்கு தள்ளிருங்க, கைய தூக்கி மணிக்கணக்கா புடிக்கிறது தோளுக்கு ஆகாது, அம்மன் கோவிச்சுக்க மாட்டா. தேர் வடம் இழுக்கிறதும் அப்படித்தான், பக்கத்துல நடந்து போங்க.

பஸ்ஸுல மேல் கம்பிய விட்டுட்டு செங்குத்தா நிக்கிற கம்பிக்கு பக்கத்துல எடம் புடிங்க, நல்ல தோள் பக்கமா ஒடம்ப திருப்பி, முழங்கை விலாவோட ஒட்டியிருக்க நெஞ்சுக்கு கீழ புடிங்க. கூட்டமா இருந்தா அடுத்த பஸ்ஸுக்கு நின்னுருங்க. நான் நிக்கிறேன், கிடங்குக்கு லேட்டா போயி முதலாளிகிட்ட திட்டும் வாங்குறேன்.